'வெற்றிடத்தில் சிக்கிய விமானம்' என்று இனி எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவானில் ஒரு விமானம் குலுங்கினால் மறுநாள் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. 'காற்று வெற்றிடத்தில் சிக்கியது', 'பல ஆயிரம் அடி கீழே விழுந்தது', 'பயணிகள் அலறல்'. ஏன் குலுங்கியது, உண்மையில் எத்தனை அடி இறங்கியது, காயம்பட்டவர்கள் சீட் பெல்ட் போட்டிருந்தார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் செய்தியில் விடை இருப்பதில்லை.

விமானப் பராமரிப்பிலும் மனநல ஆலோசனையிலும் பணிபுரிந்த நாங்கள் சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் விமானம் ஏறப் பயப்படுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள், மகளின் பிரசவத்துக்காக முதல்முறை வெளிநாடு போகும் தாய்மார்கள், பெங்களூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தெரிந்தும் இரவெல்லாம் பேருந்தில் போகிறவர்கள் என்று பலவகையினர். வானத்தைப் பற்றி இவர்களில் பலருக்குக் கிடைத்த பாடம் மேற்சொன்ன தலைப்புகள் மட்டுமே.

2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் இறந்த பிறகு இந்தப் பயம் கூடியிருக்கிறது. அப்படிக் கூடுவது இயல்பு. விபத்தே நடக்காது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. 'சாலையில் சாகிறவர்கள்தான் அதிகம், விமானம்தான் பத்திரம்' என்ற கணக்கு உண்மையே என்றாலும், இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றி உட்கார்ந்திருப்பவர் மனதில் அது ஏறாது. பயத்தைக் கிளப்பும் மூளைப்பகுதிக்குக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தவை சத்தம், அசைவு, அடிவயிறு திடீரென்று காலியாவது போன்ற உணர்ச்சி. பதில் சொல்ல வேண்டியது அவற்றுக்குத்தான்.

முதலில் இந்த 'வெற்றிடம்'. வானில் காற்று இல்லாத பள்ளம் எங்கும் கிடையாது. 'ஏர் பாக்கெட்' என்ற சொல் பழக்கத்தில் வந்தது, பொருளில் தவறானது. காற்று எல்லா இடத்திலும் நிறைந்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேலே எழும் காற்றிலிருந்து கீழே இறங்கும் காற்றுக்குள் விமானம் நுழையும்போது உடல் ஒரு கணம் இலேசாகிறது. அதைத்தான் 'விழுகிறோம்' என்று நினைக்கிறோம். கடலூர் முதுநகரில் முகத்துவாரத்தைத் தாண்டும் விசைப்படகு தூக்கிப் போடப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். படகு ஆடுவது தண்ணீர் ஆடுவதால். படகுக்குக் கீழே தண்ணீர் இல்லாமல் போய்விட்டதாக எந்த மீனவரும் சொல்லமாட்டார்.

நம் பகுதியில் குலுங்கலுக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று வெயில். புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கோ ஹைதராபாதுக்கோ போகும், விசிறியால் இயங்கும் சிறிய ஏ.டி.ஆர். விமானம் நெல்வயல், ஏரி, செஞ்சிப் பக்கத்துப் பாறைக்குன்றுகள், மலைத்தொடர்கள் என்று மாறிமாறி வரும் தரைக்கு மேல் பறக்கிறது. பாறையும் கட்டாந்தரையும் சீக்கிரம் சூடேறும், வயலும் ஏரியும் மெதுவாகச் சூடேறும். சூடான தரைக்கு மேல் காற்று எழும், குளிர்ந்த தரைக்கு மேல் இறங்கும். பெரிய ஜெட் விமானங்கள் 35,000 அடிக்குப் போய் இதைத் தாண்டிவிடும். ஏ.டி.ஆரின் உச்ச உயரம் 25,000 அடி, குறுகிய பயணத்தில் அதற்கும் கீழேதான் பறக்கும். ஆகவே அதில் இந்த ஆட்டத்தைக் கூடுதலாக உணர்வோம். காலை விமானத்தில் தரை இன்னும் சூடேறியிருக்காது. பயம் உள்ளவர்கள் பிற்பகல் விமானத்தை விட்டுக் காலை விமானத்தில் பதிவு செய்வது, செலவில்லாமல் கிடைக்கும் முதல் மருந்து.

இரண்டாவது மழைமேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் எழும் இடிமேகங்கள் ஜெட் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி நிற்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் வழியில், அந்தமானுக்கு அப்பால் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, ஆண்டு முழுவதும் இத்தகைய மேகக்கூட்டங்கள் இருக்கும். விமானத்தின் மூக்கில் உள்ள ரேடார் மழைத்துளிகளைக் காட்டும். அதைப் பார்த்து, விமானிகள் இடிமேகத்திலிருந்து இயன்றவரை 35 கிலோமீட்டருக்குக் குறையாமல் விலகிச் செல்வார்கள். விமானம் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதாகத் தோன்றினால் அது வழி தவறியதாகாது. தானே புயலும் ஃபெஞ்சல் புயலும் நம் கரையில் அடித்த நாள்களைப் போன்ற வானிலையில் விமானத்தைக் கிளப்பவே மாட்டார்கள். தாமதத்தைக் குறைசொல்லும் பயணி இதையும் நினைக்க வேண்டும்.

ரேடாருக்குத் தெரியாத குலுங்கலும் உண்டு. மேகமே இல்லாத தெளிந்த வானில், வேகம் மாறுபட்ட இரண்டு காற்றோட்டங்கள் உரசும் இடத்தில் அது வரும். சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்றாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். பெல்ட் வயிற்றுக்கு மேல் இருக்கக்கூடாது. இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக, ஒட்டி இருக்க வேண்டும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேல் கடுமையாகக் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் படுகாயமடைந்தனர். விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது. 'நிமிடங்களில் 6,000 அடி வீழ்ச்சி' என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. பின்னர் சிங்கப்பூர் அரசின் விசாரணைப் பிரிவு கறுப்புப் பெட்டித் தரவுகளைப் படித்து முதற்கட்ட அறிக்கை வெளியிட்டது. அதன்படி, கடுமையாகக் குலுங்கிய 4.6 நொடிகளில் விமானம் இறங்கியது 178 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரமே அதைவிட உயரம், 217 அடி. பறந்துகொண்டிருந்ததோ 37,000 அடி உயரத்தில். அந்த 6,000 அடி என்பது குலுங்கல் அடங்கிய பிறகு, விமானிகள் தாங்களாகவே 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு முறைப்படி இறக்கியது. காயங்களுக்குக் காரணம், முதல் அரை நொடியில் பெல்ட் இல்லாதவர்களின் உடல் இருக்கையை விட்டு மேலே எழும்பியதும், அடுத்த நான்கு நொடிகளில் கீழே விழுந்ததும். இந்த அறிக்கையைத் தலைப்பின் அளவுக்குப் பெரிதாகத் தமிழில் யாரும் போட்டதாகத் தெரியவில்லை. ஒருவரின் உயிரைப் பறித்த நிகழ்வு என்பதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பெல்ட் எவ்வளவு முக்கியம் என்ற செய்தி அந்த ஆறாயிரத்துக்குள் புதைந்துபோனதே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

'இறக்கை உடைந்துவிடுமோ' என்பது ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் பயம். இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்து வரும் பயம் அது. ஆடாத இறக்கைதான் உடையும். பறக்கும் காலமெல்லாம் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச சுமை எதுவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கினால்தான் விமானத்துக்குச் சான்று கிடைக்கும். 1995இல் போயிங் 777இன் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே உடையும் வரை வளைத்தார்கள். அந்த அதிகபட்ச சுமையின் 154 சதவீதத்தில்தான் அது முறிந்தது. 2010இல் 787இன் இறக்கையை 25 அடி உயரத்துக்கு மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார்கள்.

'என்ஜின் நின்றுவிட்டால்?' என்பது அடுத்தது. இரண்டு என்ஜின்களில் ஒன்று நின்றாலும் விமானம் மேலேறவும் பறக்கவும் முடியும். அதற்கான பயிற்சியை விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்து தேர வேண்டும். இரண்டுமே நின்றாலும் விமானம் கல்லைப்போல விழாது. ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 முதல் 18 கிலோமீட்டர் முன்னேறிச் சறுக்கும். கடலூருக்கு மேல் 35,000 அடியில் இரண்டு என்ஜினும் நின்றுபோனால், எதிர்க்காற்று பலமாக இல்லாதவரை மீனம்பாக்கம் வரை சறுக்கியே போய்விடலாம். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் டிரான்சாட் விமானம் 19 நிமிடம் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. ஒருவர்கூட இறக்கவில்லை.

இனி சத்தங்கள். பயணிகளின் பதற்றத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. ஏர்பஸ் ஏ320 விமானம் தரையில் நிற்கும்போதோ நகரும்போதோ பயணிகளின் காலடியிலிருந்து நாய் குரைப்பது போல, ரம்பம் இழுப்பது போல ஒரு சத்தம் வரும். ஒரு ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி வேலை செய்கிறது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது 'டக் டக்' என்று கேட்பது, நடுக்கோட்டில் பதித்த விளக்குகளின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்குவது. தரையை விட்ட சில நொடிகளில் 'தடால்' என்றால் சக்கரங்கள் உள்ளே மடங்கி, கதவு மூடுகிறது.

அடுத்த கட்டத்தைப் பயணிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 1,000 முதல் 1,500 அடி உயரத்தில் விமானி என்ஜின் விசையைக் குறைப்பார். புறப்பாட்டுக்குத் தேவையான முழு விசை இனி வேண்டாம் என்பதால் இது ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும் வேலை. சத்தம் சட்டென்று அடங்கும். காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு, வேகமெடுப்பு குறைவதைக் கீழே இறங்குவதாகத் தவறாகப் படிக்கும். என்ஜின் நின்றுவிட்டது, விழப்போகிறோம் என்று பயணி உறுதியாக நம்பும் நொடி இது. விமானமோ அப்போதும் மேலேறிக்கொண்டே இருக்கிறது. பயணத்துக்கு முன் இந்த ஒரு செய்தியைச் சொல்லிவைத்தால் பாதிச் சுமை குறையும்.

புதுச்சேரியிலிருந்து ஏ.டி.ஆரில் போகிறவர்களுக்குத் தனியாகச் சில. ஏறுவது பின்கதவு வழியாக. இறக்கை தலைக்கு மேலே இருக்கும், விசிறிக்கு நேரே உள்ள வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் அதிகம். நிற்கும்போது வலப்பக்க என்ஜின் ஓடிக்கொண்டிருக்க அதன் விசிறி மட்டும் சுழலாமல் இருக்கலாம். அது பழுதல்ல. மின்சாரத்துக்காக என்ஜினை ஓடவிட்டு விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பார்கள். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதையில் பாதிகூட இல்லை. அந்த நீளத்துக்கு ஏற்ற விமானம் என்பதால்தான் அங்கே ஏ.டி.ஆர். வருகிறது. தரைதொட்டதும் விசிறியின் கோணம் மாறி 'ஹோ' என்று இரைந்து உடல் முன்னால் தள்ளப்படும். அது இயல்பான பிரேக்.

மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானத்தைச் சற்று அழுத்தமாகவே இறக்குவார்கள். பூப்போல இறக்கினால் டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் நின்று சறுக்கும். இறங்கப்போன விமானம் கடைசி நேரத்தில் உறுமிக்கொண்டு மேலேறினால், முன்னால் போன விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை என்பது போன்ற ஏதோ ஒரு காரணத்துக்காக விமானி மறுபடி சுற்றி வர முடிவெடுத்திருக்கிறார். நல்ல முடிவு.

மின்னல் விமானத்தின் மேற்பரப்பு வழியாகவே ஓடி வெளியேறிவிடும். பறக்கும் உயரத்தில் கதவை எந்த மனிதராலும் திறக்க முடியாது. உள்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கு மேல் அதை அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டிக்குப் போய் யாரும் மூச்சடைத்து விழுவதில்லை.

அப்படியானால் ஏன் மூச்சடைக்கிறது? பதற்றத்தில் நாம் மூச்சைக் குறைவாக விடுவதில்லை, அதிகமாக இழுக்கிறோம். நிமிடத்துக்கு 12 முதல் 16 வரை இருக்க வேண்டிய மூச்சு 20, 25 ஆகிறது. இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. நெஞ்சு இறுகுகிறது. 'மாரடைப்பு' என்ற எண்ணம் வந்ததும் மூச்சு இன்னும் வேகமெடுக்கிறது. இந்தப் பீதியலை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டுத் தானே இறங்கிவிடும். ஆழமாக மூச்சிழு என்று பக்கத்திலிருப்பவர் சொல்வது நிலைமையைக் கெடுக்கும். செய்ய வேண்டியது மூச்சை நீட்டி விடுவது. மூக்கால் நான்கு எண்ணும் வரை அளவாக இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வானில் போய் முதல்முறை முயன்றால் வராது. பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே தினமும் காலையும் மாலையும் பழகியிருக்க வேண்டும். இதய நோய் உள்ளவருக்கோ, முன்பு எப்போதும் வராத நெஞ்சுவலி வந்தவருக்கோ இது பதற்றம்தான் என்று தாமே முடிவுசெய்யாமல் உடனே பணிப்பெண்ணை அழைக்க வேண்டும்.

குலுங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடிக்காதீர்கள். மாட்டுவண்டியில் விறைத்து உட்கார்ந்தவருக்குத்தான் இடுப்பு வலிக்கும். உடலைத் தளர்த்தி, வண்டியோடு ஆட விட்டால் அதிர்ச்சி பாதியாகும். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை முன்னால் உள்ள மேசைமேல் வைத்துப் பாருங்கள். நூறு அடி விழுந்ததாக மனம் சொல்லும் நேரத்தில் பாட்டிலில் தண்ணீர் சற்றே தளும்பியிருக்கும். இடம் தேர்ந்தெடுக்கும்போது இறக்கைக்கு அருகில் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு, வால்பக்கம் அதிகம். அடைபட்ட உணர்வு உள்ளவருக்கு நடைபாதை ஓரம் நல்லது. ஏறும்போதே 'எனக்கு விமானப் பயம் உண்டு' என்று பணியாளரிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மது வேண்டாம். காபியும் அன்று ஒரு வேளையோடு போதும், அது தரும் படபடப்பைப் பயம் தனதாக்கிக்கொள்ளும். தூக்க மாத்திரை விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறோம். அல்பிரசோலம் போன்றவை அந்த ஒரு பயணத்தைக் கடத்தும், ஆனால் 'மாத்திரையால்தான் பிழைத்தேன்' என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த பயணம் மாத்திரை இல்லாமல் இன்னும் கடினமாகும். மருத்துவர் எழுதித் தராமல் தொடவே கூடாது. வளைகுடா போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அல்பிரசோலமும், டிராமடால் என்ற வலி மாத்திரையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதியும் மருந்துச்சீட்டும் இன்றிக் கொண்டுபோனால் சிறைக்குப் போக நேரலாம். தெரிந்தவர் கொடுத்தார் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பயத்தை வளர்ப்பது எது என்றால், பயணத்தை ரத்து செய்வதுதான். டிக்கெட்டைத் திருப்பியதும் வரும் அந்த நிம்மதி, 'தப்பித்தேன்' என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த முறை அது இன்னும் பலமாகத் தடுக்கும். ஆகவே படிப்படியாகப் போக வேண்டும். முதலில் லாஸ்பேட்டைப் பக்கம் நின்று விமானம் ஏறி இறங்குவதைப் பதற்றம் பாதியாகக் குறையும் வரை பார்ப்பது. பிறகு கண்ணை மூடி விமானச் சத்தங்களின் ஒலிப்பதிவைக் கேட்பது. பிறகு ஒருவர் துணையோடு பெங்களூருக்குக் காலை விமானம். வாழ்வின் முதல் பறப்பே நான்கு மணி நேர வெளிநாட்டுப் பயணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டார் 'ஊரே போகுது, உனக்கு மட்டும் என்ன' என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 'இப்ப பயம் பத்துக்கு எத்தனை?' என்று கேட்டால் போதும். எட்டு என்றவர் சற்று நேரத்தில் ஆறு என்பார். குறைகிறது என்பதை அவரே தம் வாயால் சொல்வது பெரிய விஷயம்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. குலுங்கல் செய்திகளில் 'வெற்றிடம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். இறங்கிய அடிக்கணக்கை விசாரணை அறிக்கை வராமல் தலைப்பில் போடாதீர்கள். அறிக்கை வந்ததும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள். காயம்பட்டவர்கள் பெல்ட் போட்டிருந்தார்களா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுங்கள். விமான நிறுவனங்களுக்கும் தங்கள் வழியே ஒன்று சொல்ல விரும்புகிறோம். புதுச்சேரியிலும் சென்னையிலும் புறப்படும் விமானங்களில், 'சற்று நேரத்தில் என்ஜின் சத்தம் குறையும், அது இயல்பு' என்றும், 'அடுத்த பத்து நிமிடம் ஆடும்' என்றும் தமிழில் சொல்ல அரை நிமிடம் ஆகாது.

மூச்சுப்பயிற்சிக்கும் படிப்படியான பழக்கத்துக்கும் அடங்காத பயம் உள்ளவர்கள் ஜிப்மர் மனநலப் பிரிவையோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பயணத் தேதிக்கு முந்தின நாள் அல்ல, டிக்கெட் எடுத்த அன்றே அழைப்பது நல்லது.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு, மனநல ஆலோசனைப் பணிகளைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்,
புதுச்சேரி.